நல்லவனுக்கு ஏன் துன்பம்? வைத்திய மேதை மைமோனிடீசின் வாழ்க்கை

நல்லவன் வாடுகிறான். கெட்டவன் கொழுக்கிறான். தெய்வம் இதைப் பார்த்துக்கொண்டா இருக்கிறது?

இந்தக் கேள்வி எழாத வீடு கிடையாது. சாவு வீட்டில் எழும். கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்போது எழும். அக்கிரமம் செய்தவன் மாடி மேல் மாடி கட்டும்போது எழும்.

யூதர்களின் வேதத்தில் மூன்று ஞான நூல்கள் இந்தக் கேள்வியைத் தொடுகின்றன. கிறிஸ்தவர்களின் பைபிளிலும், பழைய ஏற்பாட்டில், அவை இருக்கின்றன. நீதிமொழிகள் என்ற நூல், கெட்டவனின் விளக்கு அணைந்துபோகும் என்று அடித்துச் சொல்கிறது. பிரசங்கி என்ற நூலுக்கு அந்த உறுதி கிடையாது. நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் முடிவில் ஒரே மண்தான் என்று அது பெருமூச்சு விடுகிறது. மூன்றாவது நூல் யோபு. அது கடவுளிடமே போய் வழக்காடுகிறது.

யோபுவின் வழக்கைப் படித்து உரை சொன்னவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருக்கு மட்டும் அது வெறும் புத்தகமாக இருக்கவில்லை. அவருடைய வாழ்க்கையிலேயே அது நடந்தது.

அவர்தான் மைமோனிடீஸ். எகிப்து தேசத்தில் அரண்மனை வைத்தியராக இருந்தவர். இறந்து 800 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மோசே பென் மைமோன் என்பது அவருடைய முழுப்பெயர். மைமோனின் மகன் மோசே என்று அர்த்தம். யூதர்கள் பெயரைச் சுருக்கி, ராம்பாம் என்று பக்தியோடு சொல்வார்கள்.

ஊரை விட்டு ஓட்டம்

ஸ்பெயின் தேசத்தில் கார்டோபா என்பது அந்தக் காலத்தில் பெரிய நகரம். முஸ்லிம் மன்னர்கள் ஆண்டார்கள். முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தார்கள். அங்கே 1138-ல் மைமோனிடீஸ் பிறந்தார். 1135 என்று சொல்பவர்களும் உண்டு. தந்தை மைமோன், யூதர்களின் வழக்குகளைத் தீர்க்கும் நீதிபதி. படித்த குடும்பம். மூத்த பிள்ளை மோசே. தம்பியின் பெயர் டேவிட்.

1148-ல் அந்த வாழ்வு முடிந்தது. வட ஆப்பிரிக்காவிலிருந்து படையெடுத்து வந்த அல்மொஹாத் கூட்டத்தார் கார்டோபாவைப் பிடித்தார்கள். மற்ற மதத்தாரை அவர்கள் பொறுக்கவில்லை. மதம் மாற வேண்டும். இல்லையென்றால் ஊரை விட்டுப் போக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சாக வேண்டும்.

குடும்பம் மூட்டை கட்டியது. மோசேக்கு அப்போது வயது பத்து.

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராக அலைந்தார்கள். பிறகு மொராக்கோவில் ஃபெஸ் என்ற நகரத்துக்குப் போனார்கள். அதுவும் அதே கூட்டத்தாரின் ஆட்சிதான். ஏன் அங்கே போனார்கள் என்று சரித்திரக்காரர்கள் இன்னும் தலையைச் சொறிகிறார்கள். அங்கேதான் மைமோனிடீஸ் வைத்தியமும் படித்தார்.

உயிருக்குப் பயந்து வாயளவில் மதம் மாறிய யூதர்கள் அங்கே பலர். அவர்களுக்கு மீட்சியே கிடையாது என்று ஒரு பண்டிதர் தீர்ப்பு எழுதினார். இளைஞர் மைமோனிடீசுக்குக் கோபம் வந்தது. பதில் எழுதினார். கத்தி முனையில் வாய் சொன்னதை வைத்து ஒரு மனிதனைத் தள்ளிவிட முடியாது என்றார். முடிந்தவரை சீக்கிரம் அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்படி யோசனை சொன்னார்.

தாமும் கிளம்பினார். 1165 ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை இரவு, குடும்பம் கப்பல் ஏறியது. ஆறாம் நாள் கடலில் பெரும் புயல். எல்லாரும் செத்தோம் என்றே நினைத்தார்கள். கப்பல் தப்பியது. அந்த நாளில் ஆண்டுதோறும் குடும்பத்தோடு உபவாசம் இருப்பதாக அவர் விரதம் எடுத்துக்கொண்டார்.

மே மாதம் பாலஸ்தீனத்தின் ஆக்கர் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஜெருசலேம் போய்த் தொழுதார்கள். அங்கே பிழைக்க வழி இல்லை. எகிப்துக்குப் போனார்கள். கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத் என்ற பழைய நகரத்தில் குடியேறினார்கள். சிறிது காலத்தில் தந்தை கண்ணை மூடினார்.

தம்பி சம்பாதித்தான், அண்ணன் படித்தார்

வேதம் சொல்லிக் கொடுத்துப் பணம் வாங்கக் கூடாது. இது மைமோனிடீசின் பிடிவாதமான கொள்கை. கடவுளின் வார்த்தையை மண்வெட்டியாக்கிப் பிழைப்பு நடத்துவது அவருக்குப் பிடிக்காது. அப்படியானால் அடுப்பு எரிவது எப்படி?

டேவிட் இருந்தான். ரத்தின வியாபாரி. நவமணிகளை வாங்கி விற்பான். வீட்டுச் செலவு முழுவதும் அவன் பொறுப்பு. அண்ணன் கவலை இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தார். கடலிலும் கரையிலும் அலைந்தபடியே தொடங்கிய தமது முதல் பெரிய நூலை 1168-ல் முடித்தார். மிஷ்னா என்ற யூத சட்டத் தொகுப்புக்கு உரை அது.

தம்பியைத் தம் மடியில் வைத்து வளர்த்தவர் அவர். எழுத்தும் வேதமும் கற்றுக் கொடுத்தவரும் அவரே. தம்பி, சீடன், பிள்ளை எல்லாமே டேவிட்தான்.

ஒரு முறை டேவிட் வியாபாரத்துக்குப் புறப்பட்டான். நைல் நதியில் படகேறித் தெற்கே போய், பாலைவனத்தைக் கடந்து, செங்கடல் கரையில் ஐதாப் என்ற துறைமுகத்தை அடைந்தான். வியாபாரிகள் கூட்டமாகப் போவது வழக்கம். இவன் கூட்டத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு துணையுடன் பாலைவனத்தைத் தாண்டினான். வயதுக்குரிய துணிச்சல்! வேடிக்கை என்னவென்றால், கூட்டமாகப் போனவர்களைத்தான் கொள்ளைக்காரர்கள் வழிமறித்தார்கள். சிலர் தாகத்தில் மாண்டார்கள். தனியே போனவன் பிழைத்தான்.

துறைமுகத்தில் வாங்குவதற்கு அவுரிச் சாயத்தைத் தவிர வேறு சரக்கு இல்லை. வெறுங்கையோடு திரும்ப டேவிட்டுக்கு மனம் வரவில்லை. கப்பலேறி இந்தியாவுக்குப் போவது என்று முடிவு செய்தான். அண்ணனுக்குக் கடிதம் எழுதினான். கவலைப்பட வேண்டாம், பாலைவனத்தில் காப்பாற்றிய கடவுள் கடலிலும் காப்பாற்றுவார் என்று எழுதினான். மனைவிக்கு ஆறுதல் சொல்லும்படி கேட்டுக்கொண்டான்.

அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. கடவுள் பெயர் எழுதிய காகிதத்தை எறியக் கூடாது என்பது யூதர் வழக்கம். ஃபுஸ்தாத் தொழுகைக் கூடத்தில் ஓர் அறையில் பழைய காகிதங்களைப் போட்டு வைத்தார்கள். ஆயிரம் வருடக் குப்பை! 1897-ல் அதில் பெரும் பகுதி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தபோது இந்தக் கடிதமும் அகப்பட்டது.

டேவிட் இந்தியா வந்து சேரவில்லை.

இந்துமகா சமுத்திரத்தில் கப்பல் மூழ்கியது. டேவிட் போனான். அவன் கையிலிருந்த செல்வமும் போயிற்று. அதில் அண்ணன் பணம் இருந்தது. ஊரார் நம்பிக் கொடுத்த பணமும் இருந்தது. வீட்டில் ஓர் இளம் விதவையும் ஒரு சிறு பெண் குழந்தையும் மிஞ்சினார்கள்.

மைமோனிடீஸ் படுக்கையில் விழுந்தார். ஏறக்குறைய ஓர் ஆண்டு எழுந்திருக்கவில்லை. காய்ச்சல். உடம்பெல்லாம் கொடிய பருக்கள். புத்தி தடுமாற்றம். பிழைப்பாரா என்று வீட்டார் கலங்கினார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து ஆக்கர் நகரத்து நண்பர் ஒருவருக்கு அவர் இதை எல்லாம் எழுதினார். தம்பியின் கையெழுத்தைக் கண்டால் இன்னும் நெஞ்சு புரள்கிறது என்றும் ஆறுதல் இல்லை என்றும் எழுதினார். அந்தக் கடிதத்தில் பருக்களைக் குறிக்க ஒரு எபிரேயச் சொல்லைப் போட்டிருக்கிறார். யோபுவின் மேனியில் கண்ட பருக்களுக்கு வேதம் சொல்லும் அதே சொல்.

யோபு என்பவன் யார்?

இங்கே யோபுவின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஊத்ஸ் என்ற தேசத்தில் யோபு வாழ்ந்தான். உத்தமன். ஏழு மகன்கள், மூன்று மகள்கள். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள். கடவுளின் சபையில் சாத்தான் ஒரு பேச்சைக் கிளப்பினான். யோபு பக்தியாக இருப்பது சும்மாவா, எல்லாம் நிறையக் கிடைப்பதால்தானே, எடுத்துவிட்டால் தெரியும் என்றான். சோதித்துப் பார்க்கக் கடவுள் விட்டார்.

ஒரே நாளில் கொள்ளைக்காரர்கள் மாடுகளை ஓட்டிப் போனார்கள். ஆடுகள் தீயில் மாண்டன. ஒட்டகங்கள் பறிபோயின. பத்துப் பிள்ளைகளும் இருந்த வீடு சூறைக்காற்றில் இடிந்து விழுந்தது. பிறகு யோபுவின் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பருக்கள். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டால் சுரண்டிக்கொண்டான்.

மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்ததும் குற்றம் சாட்டத் தொடங்கினார்கள். கெட்டவனைத்தான் கடவுள் தண்டிப்பார், நீ தண்டிக்கப்பட்டிருக்கிறாய், ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய். இதுதான் அவர்கள் கணக்கு.

யோபு ஒப்புக்கொள்ளவில்லை. கெட்டவன் நெடுங்காலம் வாழ்வதையும், அவன் ஆடுமாடு பெருகுவதையும், அவன் பிள்ளைகள் ஆடிப்பாடுவதையும், அவன் நிம்மதியாகச் சாவதையும் கண்ணால் கண்டதாகச் சொன்னான். கடவுளே வந்து பதில் சொல்லட்டும் என்றான்.

கடவுள் வந்தார். சூறைக்காற்றிலிருந்து பேசினார். ஆனால் யோபு ஏன் துன்பப்பட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை! பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்பது போன்ற கேள்விகளாக அடுக்கினார். யோபு அடங்கினான். நண்பர்கள் மூவரும்தான் கடவுளிடம் திட்டு வாங்கினார்கள். பிறகு யோபு இழந்த செல்வம் இரண்டு மடங்காக வந்தது.

வைத்தியர் வேலை

நோயிலிருந்து எழுந்த மைமோனிடீசுக்கு இப்போது பிழைப்பு வேண்டும். தம்பியின் குடும்பமும் அவர் தலையில். வைத்தியத்தைத் தொழிலாக ஏற்றார்.

1171-ல் எகிப்தின் ஆட்சி சலாடின் கைக்கு வந்தது. அவருடைய மந்திரி அல்-ஃபாதில் மைமோனிடீசின் திறமையைக் கண்டு சம்பளம் கொடுத்து அமர்த்தினார். பின்னால் சலாடினின் மூத்த மகன் அல்-அஃப்தலுக்கும் அவர் வைத்தியம் பார்த்தார். ஆஸ்துமாவைப் பற்றியும் விஷக்கடியைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் புகழ் பெற்றவை. ஆஸ்துமா நோயாளிக்குக் கொழுத்த கோழிச் சாறு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

ஸ்பெயினிலிருந்து வந்த ஒருவன் அவர் மேல் பழி போட்டான். இவர் அங்கே முஸ்லிமாக இருந்தவர், இங்கே வந்து மாறிவிட்டார் என்றான். அந்தக் காலச் சட்டப்படி அது தலை போகிற குற்றம். மந்திரி அல்-ஃபாதில் விசாரித்தார். பலவந்தத்தால் ஏற்ற மதம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிப் பழியைத் தள்ளினார். பழைய அரபு நூல் ஒன்று இதைச் சொல்கிறது. ஓர் ஆட்சியில் பறிபோன ஊரும் உறவும் அவருக்குத் திரும்பவில்லை. இன்னோர் ஆட்சியில் ஒரு முஸ்லிம் மந்திரி அவர் தலையைக் காப்பாற்றினார்.

அவருடைய ஒரு நாள் வேலையை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1199-ல் எழுதியது. வீட்டிலிருந்து அரண்மனை சுமார் ஒன்றரை மைல். காலையில் சவாரி செய்து போவார். அந்தப்புரத்தில் யாருக்காவது நோய் என்றால் நாள் முழுவதும் அங்கேயே. இல்லையென்றால் பிற்பகலில் பசியோடு வீடு திரும்புவார். அங்கே திண்ணையும் கூடமும் நிறைந்து நோயாளிகள் காத்திருப்பார்கள். யூதர், முஸ்லிம், பணக்காரர், ஏழை, நீதிபதி, நண்பன், விரோதி எல்லாரும் உண்டு. அவர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, கை கழுவி, இரண்டு வாய் சாப்பிடுவார். 24 மணி நேரத்துக்கு அது ஒன்றே ஆகாரம். பிறகு இரவு வரை வைத்தியம். களைப்பில் மல்லாந்து படுத்தபடியே மருந்து சொல்வார்.

இத்தனைக்கும் நடுவில்தான் 14 பாகங்கள் கொண்ட யூத சட்ட நூலை எபிரேய மொழியில் எழுதி முடித்தார்.

யோபுவுக்கு என்ன குறை?

சுமார் 1190-ல் முடிந்த இன்னொரு நூல் அவருடைய பெயரை உலகத்தில் நிறுத்தியது. தடுமாறுகிறவர்களுக்கு வழிகாட்டி என்பது அதன் பெயரின் பொருள். படித்துவிட்டு, கடவுளை நம்புவதா அறிவை நம்புவதா என்று தத்தளித்த ஒரு சீடனுக்காக எழுதியது. அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதினார். அதில் இரண்டு அத்தியாயம் யோபுவைப் பற்றியது.

எடுத்த எடுப்பிலேயே, யோபு என்று ஒருவன் உண்மையில் இருந்திருக்க வேண்டியதில்லை, இது உவமைக் கதை என்ற பழைய கருத்தை ஆதரிக்கிறார். ஊத்ஸ் என்ற ஊர்ப் பெயரே எபிரேயத்தில் யோசனை செய் என்ற பொருளையும் தருகிறது என்று காட்டுகிறார்.

பிறகு நோயாளியின் நாடியைப் பிடிப்பது போல ஒரு குறையைப் பிடிக்கிறார். யோபு உத்தமன், நேர்மையானவன், கடவுளுக்குப் பயந்தவன் என்று வேதம் புகழ்கிறது. அறிவாளி என்று மட்டும் சொல்லவில்லை! யோபுவின் குறை அதுதான் என்கிறார். ஆரோக்கியம், பணம், பிள்ளைகள் இவைதான் வாழ்வின் பயன் என்று அவன் நினைத்திருந்தான். அவை போனதும் உலகமே தலைகீழாகத் தெரிந்தது.

மூன்று நண்பர்களையும் அவர் மூன்று கட்சிகளாகப் பிரிக்கிறார். ஒருவன், துன்பம் எல்லாம் பாவத்தின் கூலி என்கிறவன். இன்னொருவன், இப்போது பட்டதற்குப் பின்னால் பெரிய பரிசு உண்டு என்கிறவன். மூன்றாமவன், ஆண்டவன் இஷ்டம், காரணம் கேட்காதே என்கிறவன். சாவு வீட்டுக்குப் போனால் இந்த மூவரையும் இன்றும் பார்க்கலாம். யோபுவோ, மனிதர்களை மேலே யாரும் கவனிப்பதே இல்லை என்ற கட்சிக்குச் சாய்ந்துவிட்டான்.

மைமோனிடீஸ் காணும் விடை வேறு. மனிதன் வீட்டை நிர்வாகம் செய்வதுபோல் கடவுளும் உலகத்தை நிர்வாகம் செய்கிறார் என்று நினைப்பதே தவறு. இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று, பொருள் வேறு. சூறைக்காற்றில் வந்த கேள்விகளுக்கு அர்த்தம் இதுதான். யோபு முன்பு கடவுளைக் காதால் கேட்டு அறிந்திருந்தான்; பிறகு உள்ளத்தால் கண்டான். கண்ட பிறகு, போன செல்வம் அவனை அசைக்கவில்லை.

கெட்டவன் கதி என்ன? தமது சட்ட நூலில் அதற்கும் பதில் சொல்லியிருக்கிறார். எண்ணெய்க் கொப்பரையும் தீயும் அவர் சொல்லும் தண்டனை அல்ல. நல்ல ஆன்மாக்களுக்கு உடல் போனபின் ஒரு வாழ்வு உண்டு. கெட்டவனுக்கு அது கிடையாது. அவன் வெட்டப்பட்ட கிளை. மிருகம் சாவதுபோல் செத்து, அதோடு முடிந்துபோவான். அதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்றார்.

உலகத்தில் தீமையே அதிகம் என்பதையும் அவர் ஏற்கவில்லை. உடம்பு எடுத்ததால் வரும் துன்பம் கொஞ்சம். மனிதனுக்கு மனிதன் செய்யும் துன்பம் அதைவிட அதிகம். ஆனால் பெருந்தீனியாலும் பேராசையாலும் தனக்குத்தானே தேடிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் அதிகம். தினமும் கூடம் நிறைய நோயாளிகளைப் பார்த்தவருடைய கணக்கு அது.

யோபுவுக்கு அவர் சொன்ன பதில் படித்தவனுக்குச் சரி. பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயிடம் போய், உனக்கு அறிவு போதாது, அதனால்தான் அழுகிறாய் என்று சொல்ல முடியுமா? மைமோனிடீசே அப்படி இருக்கவில்லை. தம்பியை நினைத்து எட்டு ஆண்டுகள் ஆறாமல் அழுத கையும் இந்த அத்தியாயங்களை எழுதிய கையும் ஒன்றுதான். அந்த நூலில் டேவிட் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

எரிந்த ஏடுகள்

எதிரிகள் கிளம்பினார்கள். செத்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்பதை இவர் நம்பவில்லை என்று பாக்தாதிலிருந்து குற்றம் சாட்டினார்கள். 1191-ல் தனி நூல் எழுதி அதற்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

எகிப்தில் யூதர்கள் அவரைத் தலைவராகக் கொண்டாடினார்கள். 1186-ல் அவருக்கு ஆபிரகாம் என்ற மகன் பிறந்தான். ஒரே மகன். அவனும் பின்னால் வைத்தியனாகி, தந்தையின் தலைமைப் பதவியில் அமர்ந்தான்.

1204 நவம்பர் கடைசியில், பிரான்சில் இருந்த சாமுவேல் இப்னு திப்பன் வழிகாட்டி நூலை எபிரேய மொழியில் பெயர்த்து முடித்தார். அடுத்த மாதம் 13-ந் தேதி மைமோனிடீஸ் ஃபுஸ்தாத்தில் காலமானார். கலிலேயாக் கடல் ஓரத்தில் திபேரியா நகரில் அவரை அடக்கம் செய்ததாக யூதர்கள் சொல்கிறார்கள். இன்றும் அங்கே கூட்டம் போகிறது.

30 ஆண்டுகள் ஆவதற்குள் தென் பிரான்சில் யூதர்களுக்குள் அந்த நூலைப் பற்றிப் பெரிய சண்டை மூண்டது. டொமினிக்கன் துறவிகளிடம் புகார் போய், அவர்கள் அதைத் தீயிலிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள், அதே டொமினிக்கன் சபையைச் சேர்ந்த தாமஸ் அக்வினாஸ் என்ற பெரிய கிறிஸ்தவ அறிஞர் அந்த நூலை லத்தீன் மொழியில் படித்தார். தம் நூல்களில் அவரை மோசே ரப்பி என்று மரியாதையோடு குறிப்பிட்டார். அக்வினாசும் யோபுவுக்கு ஓர் உரை எழுதினார்.